வைரம் மிஷினின் நாக்கு

ஒருத்தரை ஒருத்தர் நம்பாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவந்து மலையடிவாரத்தில் குடிவைத்தது போல ஒரு ஊர் திண்டுக்கல். அண்ணன் அடித்த பூட்டைத் தம்பி நாலு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவான், பூசைக்கு வந்த பெண்கள் செபமாலையை ஒரு கையிலும் இடுப்புச் சாவிக்கொத்தை மறு கையிலும் உருட்டுவார்கள், செத்தவனைப் பெட்டியில் வைத்த பிறகும் அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு இருந்தால் தேவலை என்று சொந்தக்காரர்களுக்குத் தோன்றும், ஏனென்றால் உலகத்தில் திருடனும் சந்தேகமும் இருக்கிற வரைக்கும்தான் அந்த ஊரில் அடுப்பு எரியும். அப்படிப்பட்ட ஊரில், வெள்ளைக்காரன் காலத்தில், பூட்டுக்காரர் வைரப்பெருமாள் பூட்டை விட்டுவிட்டு டைப் அடிக்கிற மிஷின் செய்யப்போகிறார் என்று பேச்சுக் கிளம்பியபோது ஊர் கேட்ட முதல் கேள்வி, "யாரக் கவுக்கறதுக்கு?" என்பதுதான்.

வைரப்பெருமாள் மணிப்பூட்டுக்குப் பேர்போனவர். சாவியைத் திருப்பினால் பூட்டுக்குள் ஒரு மணி அடிக்கும், திருடன் திருப்பினாலும் அடிக்கும், வீட்டுக்காரன் திருப்பினாலும் அடிக்கும், அதனால் அந்தப் பூட்டு தொங்குகிற வீட்டில் மாமியார்கள் அசந்து தூங்குவார்கள் என்று செட்டிநாடு வரைக்கும் பெயர். ஒரு வக்கீல் தன்னுடைய சீமை டைப் மிஷின் ஓடவில்லை என்று பழுது பார்க்கக் கொடுத்தார். வைரப்பெருமாள் அதைப் பாயில் பரப்பி, ஒவ்வொரு துண்டாகக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, பட்டறை ஆட்களிடம் சொன்னார், "இதுவும் பூட்டுதான்யா. ஒரே ஒரு வித்தியாசம், இதுக்குச் சாவி நெறைய."

"பூட்டுன்னா உள்ள என்னமோ இருக்கணுமே முதலாளி? உள்ள என்னதான் இருக்கு?" என்றான் சந்தியாகு, சாவிக்கு அரம் போடுகிறவன்.

வைரப்பெருமாள் சிரித்து மழுப்பிவிட்டார். பூட்டுக்காரன் ஒருவன் பூட்டுக்குள் இருப்பதைச் சொல்லாமல் சிரிக்கிறான் என்றால் ஊர் அதை லேசில் விடுமா? வைரம் டைப்ரைட்டர் கம்பெனியின் சரித்திரம் முழுக்க, அது திறந்த நாள் முதல் மூடின நாள் வரை, அந்தக் கேள்வி வாசற்படியில் உட்கார்ந்தே இருந்தது.

இங்கிலீஷ் மிஷின் செய்ய சீமையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தமிழில் செய்தால்தான் பெருமை என்று வைரப்பெருமாள் இறங்கினார். இறங்கின பிறகுதான் தெரிந்தது, தமிழ் அகலமானது, கால் உள்ளது, கொம்பு உள்ளது, எழுத்துக்குத் தலைக்கு மேலே ஒரு புள்ளியும் உள்ளது என்று. எழுத்தையும் விரலையும் சேர்த்து அறிந்த ஆள் வேண்டும். சந்தியாகு புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த ஆக்னஸ், கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள், ஆர்மோனியமும் இங்கிலீஷ் டைப்பும் பழகியவள், உரக்கப் பேசுவது அற்பப் பாவம் என்று மதர் சொன்னதை இன்னும் நம்புகிறவள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்து, எந்த எழுத்து எந்த விரலுக்கு என்று சொல்லிக்கொடுத்தாள்.

புள்ளியில் வந்துதான் எல்லாரும் நின்றார்கள். புள்ளிக்கான சாவியை முதலில் தட்ட வேண்டும், தட்டினால் உருளை நகராது, புள்ளி மட்டும் வெறுந்தாளில் விழுந்து காத்திருக்கும், அப்புறம் எழுத்தைத் தட்டினால் அது வந்து புள்ளிக்குக் கீழே உட்காரும். தட்டியும் நகராத சாவியை எந்தப் பூட்டுக்காரனும் அதுவரை கண்டதில்லை.

"இது எதுக்குத் தாயி?" என்றார் வைரப்பெருமாள்.

ஆக்னஸ் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததை அப்படியே சொன்னாள். "புள்ளி வெச்சா எழுத்துல இருந்து உயிர் போயிரும் முதலாளி. மெய் மட்டும் நிக்கும்."

பட்டறையில் அத்தனை அரமும் நின்றது.

அன்றைக்கே அதற்கு ஊமைச் சாவி என்று பெயர் விழுந்தது. அதைத் தொட்டால் ஆகாது என்று ஆட்கள் ஒதுங்கினார்கள். அரைகுறையாகக் காதில் விழுந்தது தெருவில் இன்னும் குறைந்து, வைரப்பெருமாள் உயிரெடுக்கிற சாவி ஒன்று செய்திருக்கிறாராம் என்று ஆயிற்று. மிஷின் ஒவ்வொன்றும் வெளியே போகுமுன் ஊமைச் சாவியைத் தட்டிச் சோதிக்கிற வேலை ஆக்னசிடம் வந்தது, அவள்தான் பாதிரி வீட்டுத் தீர்த்தம் தெளித்த கை உள்ளவள் என்று. ஊமைச் சாவியைத் தட்டி, எழுத்தைத் தட்டி, வரி முடியும்போது மணி அடிக்கிறதா என்று கேட்க வேண்டும். சீமை மிஷினில் அந்த மணியை ஒரு சின்னச் சுத்தி தட்டும். வைரப்பெருமாளுக்குச் சுத்தியில் நம்பிக்கை இல்லை, மணிப்பூட்டு செய்த கை, கோயில் மணியைப் போல உள்ளே நாக்கு வைத்துத்தான் தொங்கவிட்டார். அந்த நாக்கின் சத்தம் இனிமையாக இருக்கும். வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகும் ஆக்னஸ் அந்த வேலையை விடவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் பிள்ளை உள்ளே ஒரு உதை உதைக்கும். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் எதையாவது சந்தேகப்படுவார்கள்.

பிள்ளை பிறந்தது ஒரு முற்பகலில். மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். பிள்ளை முகம் சிவக்க, கை முறுக்க, வாயைக் கோயில் கதவு மாதிரி அகலத் திறந்தது. சத்தம் வரவில்லை. வாய் திறந்தே இருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, கண்ணோரம் ஈரம் கூட வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. சந்தியாகுவின் அக்கா மரியபுஷ்பம், சின்ன வயதிலேயே தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து தம்பி வீட்டில் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருப்பவள், கையைப் பிசைந்துகொண்டு வாசலுக்கு வந்தபோது, பட்டறையிலிருந்து தம்பி மூச்சிரைக்க ஓடி வந்து நின்றான்.

"பொம்பளப் புள்ளடா தம்பி," என்றாள். "ஆனா அழல."

"அழுதிச்சுக்கா," என்றான் சந்தியாகு. "நான் கேட்டேனே."

"எங்கடா கேட்ட?"

"பட்டறையில."

பட்டறையில் அடுக்கியிருந்த மிஷின்கள் அத்தனையும், யாரும் தொடாமல், உருளை நகராமல், ஒரே நேரத்தில் மணி அடித்திருந்தன. கோர்ட்டில் இருந்ததும் அடித்தது, தாசில்தார் ஆபீசில் இருந்ததும், சுருட்டுக் கம்பெனியில் இருந்ததும், பங்குச் சாமியார் மேசையில் இருந்ததும் அடித்தது. மருத்துவச்சி தொப்புளைக் கட்டிப் பிள்ளையைத் தாயின் மாரில் போட்டதும் எல்லாம் நின்றது.

ஊர் இதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் கூட எடுத்துக்கொள்ளவில்லை. பூட்டு ஊர், எந்தச் சாவிக்கு எந்தக் கதவு திறக்கும் என்று பார்ப்பதிலேயே பழகிய புத்தி. பிள்ளைக்குச் செசிலி என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தபோது, தலையில் தண்ணீர் விழுந்த நிமிஷத்தில் சாமியார் வீட்டு மிஷின் அலறியதைக் கோயிலில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அவர்களில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பிள்ளையென்றால் தண்ணி பட்டா அழத்தானே செய்யும் என்று வெற்றிலையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அழுகை வாயால் வந்தால் என்ன, மணியால் வந்தால் என்ன? நீட்டி அடித்தால் பசி, விட்டுவிட்டு அடித்தால் ஈரத்துணி, திடுக்கென்று ஒரு அடி அடித்து அப்புறம் விம்மினால் எறும்பு என்று குமாஸ்தாக்களுக்கு மனப்பாடம் ஆயிற்று. முனிசீப்பு சாட்சி விசாரணையை நிறுத்தி, "அந்தக் குழந்தை பால் குடிக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்பார். சுருட்டுக் கம்பெனிக் கணக்கப்பிள்ளை ஜன்னலில் தலையை நீட்டித் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஏத்தா ஆக்னசு! புள்ளையக் கவனி!" என்று கத்துவார்.

பயம் என்றால் என்ன என்பதை ஆக்னஸ் அப்போதுதான் கற்றுக்கொண்டாள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அவள் பிள்ளை அழுவது ஊர் முழுக்கக் கேட்டது, பெற்றவளுக்கு மட்டும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் மிஷின் இல்லை, ஒரு மிஷின் விலைக்கு வீடே வாங்கலாம். திரும்பிக் கொஞ்சம் அரிசி களைந்துவிட்டு வருவதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்திருக்கலாம். அதனால் அவள் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள், வாயையே பார்த்துக்கொண்டு தலை வாரினாள், அதன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தூங்காமல் தூங்கினாள். தெருவில் தண்ணீருக்கு நின்றால் பெண்கள் அவளைப் பார்க்காதது போலப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

"நேத்து உச்சி வேளைல எம்புட்டு நேரம் அடிச்சுச்சு தெரியுமா? இவ என்ன செஞ்சிட்டிருந்தாளாம்?"

"பெத்தவளுக்குக் கேக்கல, தாசில்தாருக்குக் கேக்குது. என்ன பொழப்போ."

"மாசமா இருக்கையில ஊமைச் சாவியத் தட்டாதன்னா கேட்டாளா? உயிர எடுக்கிற சாவின்னு அவ வாயாலயே சொன்னவ."

உயிரை எடுக்கிற சாவி என்று நான் சொல்லவில்லையே, எழுத்தைத்தானே சொன்னேன் என்று ஆக்னஸ் தனக்குள் சொல்லிக்கொள்வாள். ஆனால் ஊர் சந்தேகப்படுவதை எல்லாம் அவளும் சந்தேகப்பட்டாள், கூடவே ஊருக்குத் தோன்றாததையும் சந்தேகப்பட்டாள். வைரப்பெருமாள் எதற்காகத் தன்னை மட்டும் அந்த வேலைக்கு வைத்தார்? இனிமையான ஒரு மணிச்சத்தம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு ஏன் சிரித்தார்?

அப்படி இருக்கும்போது வைரப்பெருமாளே ஒரு மிஷினை ஆள் தலையில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தார். "இது இங்கயே இருக்கட்டும் தாயி. ஊருக்குக் கேக்கறது ஒனக்கும் கேக்கட்டும்," என்று வைத்துவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போனார்.

மரியபுஷ்பம் மிஷினைச் சுற்றி வந்தாள், முறத்தால் தட்டினாள், முகர்ந்தாள். "மோர் குடிக்காமப் போறான் பாரு. இந்த வீட்டுத் தண்ணியக் குடிச்சா இந்த வீட்டுக்குத் துரோகம் பண்ண முடியாதுன்னுதான் குடிக்கல. ஏத்தா, இத உள்ள வைக்காத, சொல்லிட்டேன்."

"மதினி, புள்ள அழுறது எனக்குக் கேக்க வேண்டாமா?"

"கேக்கணும்தான். எதுக்கு ஓசியாக் கேக்கணும்?"

மிஷின் உள்ளேதான் வந்தது. ஆக்னஸ் அதன் மேல் தீர்த்தம் தெளித்து, பின்பக்கம் மாதா படம் தைத்த உத்தரியம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அது அடித்தபோதுதான் தன் பிள்ளையின் அழுகையை முதல் தடவையாகக் கேட்டாள். கேட்டதும் மார்த்துணி நனைந்தது. அதற்குப் பிறகு எந்த மணி அடித்தாலும் நனைந்தது. மாதா கோயில் திரிகால மணிக்கு நனைந்தது, ஜட்கா வண்டிக் குதிரையின் மணிக்கு நனைந்தது, பெருமாள் கோயில் உச்சிக்கால மணிக்கு நனைந்தபோது, இது எந்தப் பாவத்தில் சேரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கம்பெனிக்குத்தான் கெட்ட காலம் வந்தது. உள்ளூருக்குப் பிள்ளையைத் தெரியும், மதுரைக்குத் தெரியுமா? மதுரையிலும் திருச்சியிலும் வாங்கினவர்கள், நடுவரியில் மணி அடிக்கிறது, ஆளில்லாத அறையில் அடிக்கிறது, திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை என்று மிஷின்களைத் திருப்பி அனுப்பினார்கள். சீமை மிஷின் விற்கிற ஏஜெண்டு ஒருவன் ரயிலடியில் நின்று, வைரம் மிஷின் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பிள்ளையைக் காவு கொடுத்துத்தான் வார்க்கிறார்கள், அதுதான் அழுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். பாலத்துக்குப் பிள்ளை பிடிக்கிறவர்களை நம்பின ஊர்கள் இதை நம்பாமல் இருக்குமா? அப்போது வைரப்பெருமாள் ஒரு முடிவுக்கு வந்தார், மணிகளின் நாக்கை எடுத்துவிடுவது.

நாக்கு என்ற சொல்லைக் கேட்டதும் ஆக்னஸ் பிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாத தாயி," என்றார் வைரப்பெருமாள், வாசலில் நின்றபடியே. "ஒரு வீட்டுல பத்துக் கதவு இருந்தா ஆளு எந்தக் கதவு வழியா வருவான்னு சொல்ல முடியாது. ஒம்பதையும் பூட்டிட்டா? தன் கதவு வழியா வந்துதான ஆகணும். வெளிய இருக்கிற நாக்க எல்லாம் எடுத்துட்டா, அழுகை புள்ள நாக்குக்குத் திரும்பிரும்."

"திரும்பாட்டி?" என்றாள் மரியபுஷ்பம் உள்ளேயிருந்து.

"திரும்பும்மா."

"பூட்டு விக்கிறவன் திறக்கும்னுதான் சொல்லுவான். தொறக்காட்டி அவனுக்கென்ன, நாமதான வெளிய நிக்கணும்."

பட்டறை ஆட்கள் குறடும் கையுமாக ஊர் ஊராகப் போனார்கள். சந்தியாகுவும் போனான். எந்த ஆபீசில் நாக்கை எடுத்தாலும் அந்த ஆபீசில் அழுகை நின்றது. ஆனால் பிள்ளையின் வாய்க்கு அது வரவில்லை. நின்ற இடத்திலிருந்தெல்லாம் கிளம்பி மிச்சமிருந்த மிஷின்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கோர்ட்டு ஊமையானதும் தாசில்தார் ஆபீசில் சத்தம் பெருத்தது. தாசில்தார் ஆபீசு ஊமையானதும் சுருட்டுக் கம்பெனியில் கண்ணாடி அதிர்ந்தது. கடைசியாகச் சாமியாரின் மிஷினும் நாக்கைக் கொடுத்த பிறகு, ஊரிலும் வெளியூரிலும் அழ வேண்டிய அத்தனை அழுகையும் ஆக்னஸ் வீட்டு மிஷினில் வந்து அடைந்தது. அது அடித்தால் பாத்திரம் உருண்டது, காக்கை பறந்தது, பக்கத்துத் தெருவில் மாடு கயிற்றை அறுத்தது. அடித்து அடித்து மணியில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்தது. விரிசல் ஒவ்வொரு பசிக்கும் கொஞ்சம் நீண்டது.

ஊருக்கு அப்போதுதான் உண்மையான சந்தேகம் வந்தது. நாக்கை எடுத்துவிட்டால் அழுகை எங்கே போகும்? எடுக்காவிட்டால் மணி உடைந்துவிடும், உடைந்தால் எங்கே போகும்? அழவே இடமில்லாத ஒரு உயிர் எத்தனை நாள் தரிக்கும்? வெற்றிலைக் கடையில் இரண்டு கட்சி ஆயிற்று. சந்தியாகுவும் அவன் அக்காவும் இரண்டு கட்சி ஆனார்கள், ஒரே சட்டியில் சோறு போட்டுத் தின்றுகொண்டு ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆக்னஸ் எந்தக் கட்சியிலும் இல்லை. அவள் விரிசலை விரல் நகத்தால் அளந்துகொண்டே இருந்தாள்.

ஒரு மத்தியானம் வைரப்பெருமாள் குறட்டோடு வந்தார். தெருவே பின்னால் வந்தது. தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா வந்தார், கணக்கப்பிள்ளை வந்தார், தண்ணீர்க் குழாயடியில் பேசினவர்கள் அத்தனை பேரும் இடுப்பில் குடத்தோடு வந்தார்கள். பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்குய்யா இம்புட்டு அவசரம்?" என்றாள் மரியபுஷ்பம், மிஷினுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டு. "மிச்ச மிஷின விக்கணும், இந்த ஒண்ணு அழுதா வாங்க வர்றவன் காதுல விழுது. அதான? புள்ளைக்காகன்னு சொல்லாத."

"அதுவும்தான்," என்றார் வைரப்பெருமாள். கூட்டம் சலசலத்தது, அந்த ஊரில் யாரும் அப்படி ஒப்புக்கொண்டு கேட்டதில்லை.

ஆக்னஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "முதலாளி, நாக்க எடுத்தா அழுகை புள்ளைக்கு வருமா?"

அவர் குறட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார். "தெரியாது தாயி."

"அன்னைக்கு வரும்னீங்க."

"அன்னைக்கும் தெரியாது."

"பூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு எங்க வீட்டுக்காரங்க கேட்டப்ப சிரிச்சீங்களாமே."

"அதுவும் தெரியாமத்தான் சிரிச்சேன். செஞ்சவனுக்கு எல்லாம் தெரியும்னு நெனைக்கிறாங்க. நான் வெளியிலதான் வேலை செஞ்சேன் தாயி. உள்ள நான் ஒண்ணும் வைக்கல."

அவள் அத்தனை நாளும் எத்தனையோ பேர் சொன்ன எத்தனையோ நிச்சயங்களைக் கேட்டிருந்தாள், ஒன்றையும் நம்ப முடியவில்லை. இந்த ஒரு 'தெரியாது'வை நம்ப முடிந்தது. ஏனென்றால் அவளுக்கும் தெரியவில்லை. கையை நீட்டினாள். "குறட்டக் குடுங்க. நானே எடுக்கிறேன்."

மரியபுஷ்பம் ஒதுங்கி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். ஆக்னஸ் மணியை இடது கையால் பொத்திப் பிடித்து, உள்ளே குறட்டை விட்டு, ஒரு சின்ன முறுக்கில் நாக்கை எடுத்தாள். அது புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. இதற்குத்தானா என்பது போல எல்லாரும் பார்த்தார்கள்.

பிறகு பிள்ளை விழிப்பதற்காக ஊர் காத்திருந்தது. குடங்கள் இறங்கின. கணக்கப்பிள்ளை ஒருமுறை இருமினார், நாலு பேர் அவரை முறைத்தார்கள். நிழல் வாசற்படியைத் தொட்ட நேரத்தில் தூளி அசைந்தது, ஒரு கால் வெளியே வந்தது, முகம் சுருங்கிச் சிவந்தது, வாய் திறந்தது.

சத்தம் இல்லை.

அங்கே மணி அடிக்குமோ என்று கூட்டம் கோயில் கோபுரத்தைப் பார்த்தது. சிலர் தங்கள் இடுப்புச் சாவியைத் தடவினார்கள், தன் வீட்டு இரும்புப் பெட்டிதான் இப்போது அழுகிறதோ என்று ஒருத்தி ஓடவே ஆரம்பித்தாள். சந்தியாகு பட்டறைப் பக்கம் காதைத் திருப்பினான். பிள்ளையின் வாய் திறந்தே இருந்தது. அப்போதுதான் ஆக்னசின் அடிவயிற்றில் என்னவோ புரண்டது, மேலே ஏறியது, நெஞ்சைத் தாண்டியது. வாயை இறுக்கி மூடினாள், மூட முடியவில்லை. கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லாமல், தலைமுக்காடு கலையாமல், நிமிர்ந்து நின்றபடி, பச்சைப் பிள்ளையின் குரலில் ஆக்னஸ் வீறிட்டு அழுதாள்.

"ங்ஙா" என்று அழுதாள். தொண்டை கிழிய அழுதாள். ஊர்கள் அத்தனையிலும் மிச்சமிருந்த அழுகை முழுக்க ஒரே வாயால் வந்தது. அழுதுகொண்டே நடந்து போய்ப் பிள்ளையைத் தூக்கி மாரோடு அணைத்தாள். பிள்ளை பாலைப் பிடித்ததும் அழுகை அவள் தொண்டையிலேயே நின்று, இரண்டு விம்மல் விம்மி, அடங்கியது.

கடைசியில் ஒருத்தி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நல்ல பசி போல" என்றாள். எல்லாரும் கலைந்து போனார்கள். வைரப்பெருமாள் மட்டும் ஒரு சொம்பு மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

நாக்கில்லாத வைரம் மிஷின்கள் இன்னும் கொஞ்ச காலம் விற்றன. மணி அடிக்காததால் வரி எங்கே முடிகிறது என்று அடிக்கிறவர்களுக்குத் தெரியாது, தாளின் ஓரத்துக்கு வந்த பிறகும் அடித்துக்கொண்டே போவார்கள், எழுத்தின் மேல் எழுத்தாக ஏறி வலது ஓரம் முழுக்கக் கறுப்புக் கட்டியாக நிற்கும். அந்தக் கட்டிக்குள் கடைசிச் சொல் என்னவாக இருக்கும் என்று வழக்காடியே இரண்டு தலைமுறை வக்கீல்கள் பிழைத்தார்கள். வைரப்பெருமாள் கம்பெனியை மூடிவிட்டு மறுபடி பூட்டுக்குப் போனார், மணிப்பூட்டு மட்டும் செய்வதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டார்.

ஊருக்கு ஆக்னசும் பழகிப்போனாள். பூசைப் பிரசங்கத்தின் நடுவே அவள் எழுந்து நின்று வீறிட்டால் சாமியார் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது அழுதால், "போத்தா, காய் எங்க போகுது, புள்ளையப் பாரு" என்று கடைக்காரி கூடையை எடுத்து வைப்பாள். அவளைப் படிக்கவைத்த மதர் ஒருமுறை அதைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, இதற்குப் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார். ஆக்னசுக்குப் பயம் விட்டுப்போகவில்லை. ஆனால் பிள்ளைக்குப் பசித்தால் இனி முதலில் தெரிவது அவளுக்குத்தான்.

செசிலி தவழ ஆரம்பித்திருந்த ஒரு பகலில் மரியபுஷ்பம் முன்கட்டில் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே அழுகை கேட்டது. வழக்கத்தைவிட நீளம். இலையைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது, வாயோரம் பால் வழிந்து காய்ந்திருந்தது. அடுப்படியில் ஆக்னஸ் அகப்பையைப் பிடித்தபடி நின்று அழுதுகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

மரியபுஷ்பம் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், துணியைத் தொட்டுப் பார்த்தாள், பாயைத் தூக்கி எறும்பு இருக்கிறதா என்று பார்த்தாள்.

"புள்ள தூங்குதே. அப்ப அழுதது யாரு?"

ஆக்னஸ் மூக்கை உறிஞ்சினாள். "புள்ளதான் மதினி."

மரியபுஷ்பம் அவளை உற்றுப் பார்த்தாள், திண்டுக்கல்லில் பிறந்த ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கிற பார்வை. பிறகு போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். புகையிலைத் தூள் ஒட்டின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுப்படித் தரையில் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"நிறுத்தாத," என்றாள். "எனக்கும் சேத்து அழு."

அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அழுகை கேட்டது. தெருவில் போனவர்கள் எல்லாரும் நின்று கேட்டுவிட்டு, புள்ளைக்கு ரொம்பப் பசி போல என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.